தலைக்கு மேல் நிற்கும் செங்கல்: அதைப் பிடித்திருப்பது எது?

காலையில் சந்தைக்குப் போகும் வழியில் சில நாள்களில் அந்தச் சத்தம் கேட்கும். ‘டொக், டொக், டொக்’. நிமிர்ந்து பார்த்தால், புளோக்கின் பக்கச் சுவரில் கயிற்றில் தொங்கியபடி ஒருவர் சிறு சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டிருப்பார். சாயம் பூச வந்தவர் என்று நினைத்துப் பலரும் கடந்துபோய்விடுவர்.

அவர் கவனிப்பது சத்தத்தை. கெட்டியாக ஒட்டியிருக்கும் இடம் கனமாக ஒலிக்கும். உள்ளே விட்டுப்போன இடம் வெறும் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். அந்த வித்தியாசத்தை நம்பித்தான் கீழே பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், முதியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

‘பெரிய சதுப்பு நிலம்’ என்று பொருள்படும் தோ பாயோ, 1960களின் நடுப்பகுதியிலிருந்து வீவக நகராக எழுந்தது. லோரோங் 6ல் இருக்கும் டிராகன் விளையாட்டுத் திடலுக்கே வயது 45ஐத் தாண்டிவிட்டது. இங்குள்ள பல கட்டடங்கள் அதைவிடவும் மூத்தவை. கட்டடத்துக்கு வயதாகும்போது முதலில் தளர்வது பெரும்பாலும் அதன் எலும்பு அன்று, தோல்தான். பூச்சு, ஓடு, கான்கிரீட் வெயில் மறைப்பு, செங்கல் முகப்பு எல்லாம் அந்தத் தோலில் அடங்கும்.

இவற்றுள் அதிகம் ஏமாற்றக்கூடியது செங்கல் முகப்பு. பார்க்க மிக உறுதியாகத் தெரியும். ஆனால் உயரமான கட்டடத்தில் அது தானாக நிற்பதில்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் இரும்பு நம் கண்ணில் படுவதே இல்லை.

உடம்பும் சட்டையும்

பழைய காலத்தில் சுவர்தான் கட்டடத்தைத் தாங்கியது. ஊரில் தாத்தா கட்டிய வீட்டின் சுவர் ஏன் அவ்வளவு தடிமன் என்று கேட்டால், மேலே இருக்கும் உத்திரமும் ஓடும் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன என்பதே பதில். உயரம் கூடக்கூட அடிச்சுவரும் பருத்துக்கொண்டே போகவேண்டும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1891ல் கட்டி முடிக்கப்பட்ட மொனாட்னாக் கட்டடத்துக்கு 16 மாடிகள். அதன் அடிச்சுவரின் தடிமன் ஏறக்குறைய 6 அடி.

எஃகும் கான்கிரீட்டும் வந்தபின் கணக்கு மாறியது. தூண், உத்திரம், தளம் ஆகிய மூன்றும் சேர்ந்த கூடு எடையைத் தாங்கிக்கொள்கிறது. சுவரின் வேலை வெயிலையும் மழையையும் காற்றையும் மறைப்பது மட்டுமே. வீவக புளோக்குகளும் இந்த வகைதான்.

இப்படிப்பட்ட கட்டடத்துக்கு வெளியே அழகுக்காகவும் பாதுகாப்புக்காகவும் ஒற்றைச் செங்கல் தடிமனில், அதாவது சுமார் 10 செண்டிமீட்டரில், ஒரு சுவர் எழுப்புவதுண்டு. அதற்கும் உள்சுவருக்கும் நடுவே சுமார் 5 செண்டிமீட்டர் இடைவெளி விடப்படும். இதுவே முகப்புச் செங்கல் சுவர். உடம்புக்குச் சட்டை எப்படியோ, கட்டடத்துக்கு இது அப்படி. சட்டை உடம்பைத் தாங்குவதில்லை, உடம்புதான் சட்டையைத் தாங்குகிறது.

ஆனால் இந்தச் சட்டையின் கனம் சாதாரணமானதன்று.

ஒரு மாடிக்கு எத்தனை கிலோ?

10 செண்டிமீட்டர் தடிமனுள்ள செங்கல் சுவர், கலவையோடு சேர்த்து, ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ எடை இருக்கும். ஒரு மாடியின் உயரம் 2.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 560 கிலோ. இரண்டு தூண்களுக்கு நடுவே 6 மீட்டர் இருந்தால் அந்த ஒரு துண்டுச் சுவரின் எடை 3,360 கிலோ. ஒரு மாடியில், ஒரே ஓர் அறையின் வெளிப்பக்கத்தில், மூன்று டன்னுக்கும் மேல்!

தாழ்ந்த கட்டடமாக இருந்தால் இந்த எடை அடித்தளத்திலேயே இறங்கிவிடும். உயரமான கட்டடத்தில் அப்படி விட முடியாது. நான்கு மாடி அல்லது 12 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்தில், வெளிச்சுவரை மூன்று மாடிக்கு ஒருமுறை அல்லது 9 மீட்டருக்கு ஒருமுறை, இரண்டில் எது குறைவோ அந்த உயரத்தில், தாங்கவேண்டும் என்பது பிரிட்டிஷ் தரவிதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழிகாட்டல். பல பொறியாளர்கள் ஒவ்வொரு மாடியிலும் தாங்குவதையே விரும்புவர்.

தாங்குவது ஒரு எஃகுக் கோணம். கட்டுமானத் தளத்தில் இதை ‘எல் ஆங்கிள்’ என்பார்கள். சுவரில் அடித்த அலமாரித் தாங்கியைப் போன்றது. ஒரு பக்கம் கான்கிரீட் தளத்தின் விளிம்பில் போல்ட் போட்டு முடுக்கப்படும். நீட்டிக்கொண்டிருக்கும் மறுபக்கத்தின் மேல் செங்கல் வரிசை உட்காரும்.

இந்த ஆங்கிளை வடிவமைப்பவர் எடையை மட்டும் கணக்கிட்டால் போதாது. தண்ணீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் தூக்கலாம். கையை நீட்டிப் பிடித்தால் தோள் வலிக்கும். எடை ஒன்றுதான், தூரம்தான் வேறு. செங்கல்லின் நடுப்பகுதி கான்கிரீட் விளிம்பிலிருந்து 10 செண்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தால் ஆங்கிளின் தலைப்பகுதி கட்டடத்தைவிட்டு விலகப் பார்க்கிறது. அதை உள்ளே இழுத்துப் பிடிப்பது போல்ட்.

இங்கேதான் சிறு பிழை பெரிதாகிறது. கான்கிரீட் வார்க்கும்போது தளத்தின் விளிம்பு 25 மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானத்தில் இது நடக்கக்கூடியதே. செங்கல் இருக்கவேண்டிய கோடு மாறாது. ஆகவே தூரம் 10 செண்டிமீட்டரிலிருந்து 12.5 ஆகிவிடும். போல்ட்டை வெளியே இழுக்கும் விசை கால் பங்கு கூடும். வரைபடத்தில் பாதுகாப்பாக இருந்த போல்ட், நிஜத்தில் அந்தப் பாதுகாப்பில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. விளிம்புக்கும் ஆங்கிளுக்கும் நடுவில் உண்டாகும் சந்தை நிரப்பத் தகடு வைப்பார்கள். கையில் கிடைத்த சிறு துண்டைச் செருகிவிட்டு முடுக்கினால் ஆங்கிள் சாய்ந்து உட்காரும். தகடு போதிய அளவில், போல்ட்டைச் சுற்றி முழுமையாக இருக்கவேண்டும்.

வளைவுக்கும் வரம்பு உண்டு. ஜன்னலுக்கு மேல் செங்கல்லைத் தாங்கும் எஃகு, தன் நீளத்தில் 600ல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக்கூடாது என்பது அமெரிக்க விதி. 1.5 மீட்டர் ஜன்னலுக்கு அது 2.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய நம் ஒரு வெள்ளி நாணயத்தின் தடிமன். எஃகு அதைவிட வளைந்தாலும் உடையாது. ஆனால் செங்கல்லும் கலவையும் வளையத் தெரியாதவை. அவை வெடித்துவிடும்.

காற்று தள்ளும், இழுக்கவும் செய்யும்

ஆங்கிள் எடையைப் பார்த்துக்கொள்ளும். சுவர் முன்னால் சாயாமல் பார்த்துக்கொள்வது வேறொன்று. முகப்புச் சுவரையும் உள்சுவரையும் இணைக்கும் சிறிய எஃகுக் கம்பிகளே அவை. கட்டுமானத் தொழிலாளர்கள் ‘டை’ என்று சொல்வது இதைத்தான்.

அதிகாலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து வரும் சூறைக்காற்றைச் சிங்கப்பூர்வாசிகள் அறிவர். காற்று சுவரைத் தள்ளுவதை எல்லாரும் உணர்கிறோம். அது கட்டடத்தைச் சுற்றி வளைந்து ஓடும்போது, பக்கச் சுவர்களையும் மூலைகளையும் வெளிப்பக்கமாக உறிஞ்சி இழுக்கவும் செய்கிறது. முகப்புச் சுவருக்கு அந்த இழுப்பே அதிக ஆபத்து.

பிரிட்டனில் வழக்கமான கணக்கு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் இரண்டரை டை: பக்கவாட்டில் 90 செண்டிமீட்டருக்கு ஒன்று, மேல்வாக்கில் 45 செண்டிமீட்டருக்கு ஒன்று. உயரமான கட்டடத்தின் மூலையில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ அளவுக்கு இழுவிசை வந்தால் ஒவ்வொரு டையும் 40 கிலோவைத் தாங்கவேண்டும். முன்பு பார்த்த 6 மீட்டர் துண்டுக்கு 42 டை தேவை. 12 மாடி உயரமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சுவருக்குச் சுமார் 2,500 டை.

ஒவ்வொன்றும் கலவைக்குள் குறைந்தது 5 செண்டிமீட்டர் நுழைந்திருக்கவேண்டும். அடுத்த செங்கல் வரிசை ஏறியதும் எல்லாம் மூடிக்கொள்ளும். எத்தனை வைத்தோம், எவ்வளவு ஆழம் வைத்தோம் என்பது அதன்பிறகு வைத்தவருக்கு மட்டுமே தெரியும்.

எடின்பரோவில் ஒரு காலை

2016 ஜனவரி 29. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் புயல் வீசிக்கொண்டிருந்தது. ஆக்ஸ்கேங்ஸ் தொடக்கப்பள்ளியின் வெளிச்செங்கல் சுவரில் சுமார் 9 டன் சரிந்து கீழே விழுந்தது. பிள்ளைகள் வரத் தொடங்கும் முன்பே விழுந்ததால் யாருக்கும் காயமில்லை. சற்று நேரம் கழித்து விழுந்திருந்தால் நிலைமை வேறு.

அந்தப் பள்ளிக்கு அப்போது ஏறக்குறைய பத்து வயதுதான். அதே திட்டத்தில் கட்டப்பட்ட மற்றப் பள்ளிகளும் சோதிக்கப்பட்டு, மொத்தம் 17 பள்ளிகள் தற்காலிகமாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான மாணவர்கள் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

2017 பிப்ரவரியில் வெளிவந்த விசாரணை அறிக்கை, காற்றின் மேல் பழிபோடவில்லை. டைகள் கலவைக்குள் போதிய ஆழம் நுழையவில்லை. இரண்டு சுவர்களுக்கும் நடுவிலான இடைவெளி சில இடங்களில் அகன்றுபோனதால் டையின் நீளம் போதாமல் போயிற்று. வேலை நடக்கும்போது அதைப் பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டிய மேற்பார்வையும் போதவில்லை. விலை குறைந்த சிறு கம்பி, சில செண்டிமீட்டர் குறைந்ததன் விளைவு அது.

செங்கல் வளரும், கான்கிரீட் சுருங்கும்

எடை, காற்று என்று இரண்டையும் சமாளித்தபின் மூன்றாவது சிக்கல் மெதுவாக வருகிறது. அது நம்புவதற்குச் சற்றுக் கடினமானது: செங்கல் வளர்கிறது.

சூளையிலிருந்து வெளியே வரும்போது செங்கல்லில் துளியும் ஈரம் இருக்காது. பிறகு காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிச் சிறிதுசிறிதாகப் பெரிதாகும். இந்த வளர்ச்சி பல ஆண்டுகள் தொடரும், திரும்பக் குறையாது. பொறியாளர்கள் பொதுவாக மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் என்று கணக்கு வைப்பர். ஒரு மாடிக்கு அது 1.4 மில்லிமீட்டர். 12 மாடிக்கு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர்.

கான்கிரீட் தூண்களோ எதிர்த்திசையில் போகின்றன. காயும்போது சுருங்குகின்றன, சுமையின்கீழ் ஆண்டுக்கணக்கில் சற்றுச் சற்றாகக் குறுகுகின்றன. உடம்பு குறுகுகிறது, சட்டை நீள்கிறது.

இதற்குத் தீர்வு எளியது. ஒவ்வொரு ஆங்கிளுக்கும் அடியில், கீழ்ச்சுவரின் கடைசி வரிசைக்கு மேலே, ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டருக்கு இடைவெளி விட்டு, அதைக் கலவையால் அடைக்காமல் மெத்தென்ற பொருளால் அடைக்கவேண்டும். சுவர் வளர்ந்தால் அந்த மெத்தை அமுங்கிக்கொடுக்கும். கோடு அழகாக இல்லையே என்று யாராவது அதில் சிமெண்டுக் கலவையைப் பூசிவிட்டால் கதை மாறிவிடும். வளர இடமில்லாத செங்கல், மேலிருக்கும் ஆங்கிளை முட்டும். கட்டடத்தின் எடையில் ஒரு பங்கு அந்த 10 செண்டிமீட்டர் தடிமன் சுவரின் தலையில் இறங்கும். சட்டை உடம்பைத் தாங்க வேண்டிய நிலை. அப்போது சுவர் நடுவே பிதுங்கி வெளியே தள்ளும், அல்லது செங்கல்லின் முகம் சில்லுசில்லாக உதிரும்.

மழை உள்ளே வரும்

செங்கல் சுவர் மழையை முழுக்கத் தடுப்பதில்லை. நம் ஊர் மழையில் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். அதை ஒப்புக்கொண்டுதான் நடுவில் இடைவெளி விடப்படுகிறது. உள்ளே வந்த தண்ணீர் இடைவெளியில் இறங்கி, ஆங்கிளின் மேல் விரித்த தகட்டில் விழுந்து, செங்கல் வரிசையின் அடியில் விடப்பட்ட சிறு துளைகள் வழியே வெளியேறவேண்டும்.

கட்டும்போது சிந்திய கலவை உள்ளே விழுந்து அந்தத் துளைகளை அடைத்தாலோ, பிற்பாடு பூச்சி வருகிறது என்று யாரேனும் அவற்றைச் சிமெண்டால் மூடினாலோ, தண்ணீர் ஆங்கிளின் மேல் தேங்கும். சாதாரண எஃகு துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற எஃகைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். மேலே இருக்கும் மூன்று டன் சுவரையே அது சற்றுத் தூக்கிவிடும் வலிமை கொண்டது. செங்கல் வரிசையின் ஓரமாகக் கிடைமட்டமாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இந்தத் துருவின் கையெழுத்து.

கடல் சூழ்ந்த ஊர் என்பதால் டைகளுக்கும் ஆங்கிளுக்கும் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்துவதே நல்லது. சமையலறையில் எவர்சில்வர் என்கிறோமே, அதே இனம். துத்தநாகப் பூச்சு கொடுத்த எஃகு விலை குறைவு, ஆனால் பூச்சு கரையும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு. உள்ளே இருப்பதை மாற்றவேண்டுமென்றால் சுவரையே உடைக்கவேண்டும் என்பதால், கட்டும்போது மிச்சம் பிடித்த பணம் பின்னால் பல மடங்காகச் செலவாகும்.

சிராங்கூன் ரோடு கற்றுத்தந்த பாடம்

‘தன் எடையையே தாங்க முடியாத கட்டடம்’ என்பது சிங்கப்பூருக்கு வெறும் பாடப்புத்தக விஷயமன்று. பெருமாள் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில், சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்தில் லியன் யாக் கட்டடம் இருந்தது. அதில் இயங்கிய ஹோட்டலின் பெயராலேயே, ‘ஹோட்டல் நியூ வோர்ல்ட்’ என்று, மக்கள் அதை அறிந்திருந்தனர். 1986 மார்ச் 15 காலை, ஆறு மாடிகொண்ட அந்தக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. 33 பேர் உயிரிழந்தனர். இடிபாடுகளிலிருந்து 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அந்த நாள்களில் அங்குக் கூடி நின்ற மூத்தவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை.

பின்னாளில் கூரையில் வைத்த குளிர்சாதனக் கருவிகள், வங்கியின் இரும்புப் பெட்டக அறை, வெளிச்சுவரில் ஒட்டிய கனமான ஓடுகள் எல்லாவற்றையும் விசாரணைக் குழு ஆராய்ந்தது. ஆனால் அடிப்படைக் காரணம் அவை அல்ல. உள்ளே வரும் மனிதர்கள், பொருள்கள் ஆகியவற்றின் எடை கணக்கிடப்பட்டிருந்தது. கான்கிரீட்டும் சுவருமாகிய கட்டடத்தின் சொந்த எடை, வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை.

அதன்பின் 1989ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடுமையானது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அவருக்குத் தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்கவேண்டும் என்ற விதி வந்தது. கட்டடத்தின் கட்டமைப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிப்பதும் கட்டாயமானது. குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை.

ஏழாண்டுக்கு ஒருமுறை முகப்புச் சோதனை

எலும்புக்குச் சோதனை வந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகு தோலுக்கும் வந்தது. 2016ல் தெம்பனிசில் ஒரு வீவக புளோக்கின் கான்கிரீட் வெயில் மறைப்பு பெயர்ந்து கீழ்மாடிமேல் தொங்கியது போன்ற சம்பவங்கள் அதன் தேவையை உணர்த்தின. 2022 ஜனவரி 1 முதல், 20 வயதைக் கடந்த, 13 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களின் முகப்பு, ஏழாண்டுக்கு ஒருமுறை சோதிக்கப்படவேண்டும். கட்டட, கட்டுமான ஆணையம் இதை நடைமுறைப்படுத்துகிறது. தரை வீடுகளுக்கு விலக்கு உண்டு.

தகுதிபெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் தலைமையில் சோதனை நடக்கும். முகப்பு முழுவதையும் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்கு ஆளில்லா வானூர்தியையும் பயன்படுத்தலாம். அதோடு, ஒவ்வொரு பக்கச் சுவரிலும் குறைந்தது 10 விழுக்காட்டை மிக அருகில் சென்று, தொட்டுத் தட்டிப் பார்க்கவேண்டும். கயிற்றில் தொங்குபவரின் ‘டொக், டொக்’ இந்த வேலையின் பகுதி.

உலகின் மற்ற நகரங்களும் இப்படித்தான் விழித்தன. நியூயார்க்கில் 1979ல் மேலிருந்து விழுந்த கட்டடத் துண்டால் ஒரு கல்லூரி மாணவி நடைபாதையில் உயிரிழந்தார். மறு ஆண்டே, ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்கும் சட்டம் அங்கு வந்தது.

எனினும் செங்கல் முகப்பைப் பொறுத்தவரை சுத்தியல் மட்டும் போதாது. ஓடும் பூச்சும் விட்டுப்போனால் ஒலி காட்டிக்கொடுக்கும். இடைவெளிக்கு அப்பால் துருப்பிடித்த டையை ஒலி காட்டாது. சந்தேகம் வந்தால் கலவையில் சிறு துளையிட்டு, மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கவேண்டும். அல்லது ஓரிரு செங்கல்லை எடுத்துவிட்டுப் பார்க்கவேண்டும். டை போதாது என்று தெரிந்தால் சுவரை இடிக்காமல், வெளியிலிருந்தே துளையிட்டுப் புதிய எஃகு டைகளைப் பொருத்தும் முறையும் உண்டு.

கையில் கரண்டி பிடித்தவரின் பொறுப்பு

சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் தமிழகத்திலிருந்து வந்த கொத்தனார்களும் உதவியாளர்களும் நிறையப் பேர். ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியாவில் நண்பர்களோடு தேநீர் குடிக்கும் பலரின் கைகள்தான் வாரம் முழுவதும் இந்தச் சுவர்களை எழுப்புகின்றன, சோதிக்கின்றன, பழுதுபார்க்கின்றன.

வரைபடத்தில் 42 என்று எழுதுவது பொறியாளர். அந்த 42ஐயும் வைப்பது கொத்தனார். மாலைக்குள் சுவர் முடியவேண்டும் என்று மேலிருந்து அவசரப்படுத்தும்போது, விட்டுப்போகும் முதல் பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போகப்போகும் பொருள்தான். அதனால்தான் நல்ல தளங்களில் சுவரை மூடும் முன் வேலை நிறுத்தப்படும். டைகளை எண்ணி, படம் எடுத்து, கையெழுத்து வாங்கியபின்பே அடுத்த வரிசை ஏறும். டை எட்டவில்லை என்று தெரிந்தால் அதை வளைத்துச் சரிக்கட்டாமல் மேற்பார்வையாளரிடம் சொல்வதும், சொன்னவரைக் கடிந்துகொள்ளாமல் நீளமான டையை வரவழைப்பதும் இரு தரப்பின் கடமை. எடின்பரோவில் தவறியது அந்த ஒரு பேச்சுதான்.

ஊரில் வீடு கட்டுவோருக்கும் இதில் செய்தி உண்டு. வீட்டு முகப்பில் கனமான கல் பலகை ஒட்டுவது தமிழகத்தில் இப்போது பெருவழக்கு. இந்தியாவில் கல் முகப்புக்கென ஐஎஸ் 4101 என்ற தரவிதி 1967 முதலே இருக்கிறது. ஆனால் பல இடங்களில் கலவையோ பசையோ மட்டும்தான் கல்லைப் பிடித்திருக்கிறது. தலைக்கு மேல் வரும் கல்லுக்கு உலோகப் பிடிப்பு உண்டா, அது துருப்பிடிக்காத எஃகா என்று மேஸ்திரியிடம் இரண்டு கேள்வி கேட்பதில் தவறில்லை.

கீழிருந்து என்ன தெரியும்?

குடியிருப்பாளர் பொறியாளராக வேண்டியதில்லை. தினமும் அதே வழியில் நடப்பவர் கண்ணுக்கு, ஏழாண்டுக்கு ஒருமுறை வருபவர் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் தெரியும். கவனிக்கவேண்டியவை இவை:

• தளத்தின் மட்டத்தில் கிடைமட்டமாக நீளும் விரிசல்.

• சுவர் நடுவே வெளிப்பக்கம் பிதுங்கியிருப்பது. சுவரின் ஓரத்தில் நின்று நீளவாக்கில் பார்த்தால் எளிதில் தெரியும்.

• செங்கல் இணைப்புகளிலிருந்து வழியும் பழுப்புநிறத் துருக்கறை.

• ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் ஏறும் விரிசல்.

• தரையில் கிடக்கும் செங்கல் சில்லு, ஓட்டுத் துண்டு, கான்கிரீட் கட்டி. கூட்டித் தள்ளிவிடும் முன் எங்கிருந்து விழுந்தது என்று மேலே பார்க்கவேண்டும்.

வெள்ளை உப்புப் படிவம் மட்டும் தெரிந்தால் உடனே அஞ்சவேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்தில் தண்ணீர் நடமாட்டம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

வீவக புளோக்கின் வெளிச்சுவர் பொதுச் சொத்து. அதைப் பராமரிப்பது நகர மன்றத்தின் பொறுப்பு. நகர மன்றத்துக்கு நேரடியாகவோ ‘ஒன்சர்விஸ்’ செயலி வழியாகவோ படத்தோடு தெரிவிக்கலாம். தனியார் அடுக்குமாடி வீடுகளில் நிர்வாக அலுவலகத்திடம் சொல்லவேண்டும். துண்டு விழுந்திருந்தால், அந்த இடத்துக்குக் கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

மேலே கயிற்றில் தொங்குபவர் தட்டிக்கொண்டிருக்கும்போது கீழே கட்டியிருக்கும் தடுப்பு நாடாவைத் தாண்டி நடக்காமல் சுற்றிப் போவதும் ஓர் உதவிதான். சந்தைக்கு இரண்டு நிமிடம் தாமதமாகலாம். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் பத்து மாடி உயரத்தில் இன்னும் சில செங்கற்களைத் தட்டி, கெட்டியாகத்தான் இருக்கின்றன என்று உறுதிசெய்திருப்பார்.